ஐம்பத்திரண்டாவது கூழ்

தொண்டியிலிருந்து ஜெய்லானி அனுப்பும் இறால் ஓட்டு மூட்டை
காரைக்குடி நிலையத்தில் இறங்கும்போது
நடத்துநர் மூக்கைப் பொத்தியபடி
என் பெயரைக் கூவுவார்.
இதற்குள் கைட்டோசான் இருக்கிறது,
புண்ணை ஆற்றும், உடம்போடு ஒட்டும் என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"இருக்கட்டும்மா. அடுத்த தடவை
பஸ் கூரையில கட்டச் சொல்லு."

புளியங்கொட்டைக்குச் சந்தையில் அலைந்தேன்.
"மாட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.
மனுஷருக்கு என்றேன்.
கால் கிலோ குறைத்து நிறுத்தார்.

சம்பை ஊற்று இனிக்கும் ஊரில் உட்கார்ந்து
வாலைவடிநீர் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன்.

முதல் கூழ் ஒழுகியது.
ஏழாவது தட்டை விட்டு வர மறுத்தது.
பத்தொன்பதாவது அழகாயிருந்தது
ஞாயிற்றுக்கிழமை பூசணம் பூக்கும்வரை.
முப்பதுக்கு மேல் எல்லாம் வெடித்தன,
மே மாத ஊருணியை
உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தாற்போல.
குழைந்தால் கடத்தவில்லை.
கடத்தினால் குழையவில்லை.
கறுப்புப் பாலிபிரோல் கலந்து கலந்து
என் நகக்கண்ணெல்லாம் அமாவாசை.

யுபிஎஸ் பழுது பார்க்க வந்த அடைக்கலம்
திருப்புளியைப் பல்லில் கடித்தபடி கேட்டார்:
"இந்தக் களியில கரண்டு போகுமா?"
போனால் நல்லது என்றேன்.
"இந்த ஊர்ல
கரண்டு போனா நல்லதுன்னு சொன்ன
மொத ஆள் நீங்கதான்."

தேவகோட்டைச் சாலையில்
பைக்கிலிருந்து தோள் குத்தி விழுந்தவர்.
வலது கை இரண்டு வருடமாகச்
சட்டைக்குள் தொங்குகிறது.
ஒரு நரம்பாவது மிச்சமிருக்கலாம் என்றாராம் மதுரை டாக்டர்.
இருக்கலாம் என்ற சொல்லை
அவர் யாரிடமும் இரண்டாம் முறை சொன்னதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம்.
உடம்பு நினைப்பதே உப்பால்தான்.
உள்ளே கம்பி கிடையாது, செம்பு கிடையாது,
ஈரத்தில் சோடியம் நகர்கிறது,
அவ்வளவுதான் ஆசை, அவ்வளவுதான் விரல்.
அந்த ஈரத்தோடு பேச
உலோகத்துக்குத் தெரியவில்லை.
இறால் ஓட்டுக்கும் புளியங்கொட்டைக்கும்
கொஞ்சம் தெரியும் போலிருந்தது.

நெறிக்குழு அனுமதிக்குப் பதினோரு மாதம்.
படிவத்தில் அடைக்கலம் இடது கையால் போட்ட கையெழுத்து
மேசையைத் தாண்டி ஓடப் பார்த்தது.

ஐம்பத்திரண்டாம் எண் பட்டையை
முழங்கைக்குக் கீழே ஒட்டினேன்.
ரோமத்தையும் வியர்வையையும் தழுவிப் படிந்தது.
பெருவிரலை மடக்குங்க.

விரல் கிடந்தது,
யாரோ மேசையில் மறந்துவிட்டுப் போன பொருளாக.
திரையில் கோடு சிலிர்த்தது.

நம்பவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன்,
குழல்விளக்கை, இரண்டு பேர் கைபேசியை.
இருட்டில், புழுக்கத்தில், மறுபடி.
மடக்குங்க.
சிலிர்த்தது.
விடுங்க.
அடங்கியது.

"இது நானா?"

பதில் சொல்லும்முன் அவரே சோதிக்கத் தொடங்கிவிட்டார்,
இருபது வருட வயர்மேன்.
போடு. அணை. போடு. அணை. போடு.
ஐந்தாம் முறை உதட்டைப் பிதுக்கிச் சொன்னார்:
"லைன் இருக்கு மேடம்.
கனெக்‌ஷன்தான் லூசு."

நான் குனிந்து
தேவையில்லாத ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குப் பட்டையின் ஓரம் காய்ந்து சுருண்டது.
கோடு படுத்துவிட்டது.
இன்னொரு தடவை என்றார்.
காய்ஞ்சிருச்சு என்றேன்.
எழுந்திருக்கவில்லை அவர்.
வெறும் திரையைப் பார்த்துப்
போடு, அணை என்று
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நாளைக்கு ஐம்பத்து மூன்று.
கிளிசரால் இன்னும் இரண்டு சொட்டு.
ஜெய்லானியிடம் மூன்று கிலோ சொல்லிவிட்டேன்.
கூரையில் வேண்டாம், வெயிலில் கெடும்.
நடத்துநரிடம் என்ன சொல்வதென்றுதான்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.